மலைப் பள்ளிகளில் தலைமுறையும் மறுமொழியும்: குறிஞ்சிக் கணக்கில் ஒரு முன்னாய்வு

கல்விப் பணியில் தலைமுறை அடையாளம் என்பது, தலைமையாசிரியர் அனுப்பிய செய்திக்கு ஓர் ஆசிரியர் எந்த விதமாகச் ‘சரி’ சொல்கிறார் என்பதைக் கொண்டு அவர் பிறந்த ஆண்டைக் கணிக்கும் துறை. உலகெங்கும் இத்துறை செழித்திருக்கிறது. பணியிடைப் பயிற்சிகளில் மதிய உணவுக்கு முந்திய அமர்வு, அதாவது யாரும் எதையும் காதில் வாங்காத அமர்வு, வழக்கமாக இதற்கே ஒதுக்கப்படும். ஆயினும் பழனிமலைத் தொடரில் இதை முறையாக ஆராய்ந்தாரில்லை. தேவையில்லாததால் ஆராயவில்லை என்பாரும் உளர். தேவை பார்த்துத்தான் ஆராய்வதென்றால் முனைவர் பட்டங்களில் முக்கால்வாசி நின்றுபோகும் என்பது அவர்க்கு விடை.

ஆய்வெல்லை

கிழக்கே தாண்டிக்குடி, மேற்கே கிளாவரை, தெற்கே வெள்ளகவி, வடக்கே பழனியிலிருந்து ஏறிவரும் சாலை. இவ்வெல்லைக்குள் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் நகரமும், பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி, வில்பட்டி, பண்ணைக்காடு முதலிய ஊர்களும் அடங்கும். அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845இல் இங்கே வீடு கட்டியதும், கலெக்டர் லெவிஞ்ச் 1863இல் ஏரியைத் தேக்குவித்ததும், மிஷனரிப் பிள்ளைகளுக்காக 1901இல் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டதும், 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் கொடைக்கானலைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வருவதால் இதிலும் வந்துவிட்டன. அவற்றுக்கும் இவ்வாய்வுக்கும் தொடர்பில்லை.

தரவு திரட்டும் பணி மே மாதத்துக்கென வகுக்கப்பட்டது. மே மாதத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதும், மலையில் அப்போது சீசன் என்பதும் தற்செயல். சமவெளிக் கல்லூரிகள் மலைமேல் நடத்தும் பன்னாட்டுக் கருத்தரங்குகளும் இதே தற்செயலுக்கு ஆட்பட்டவை. ஜூம் வழியே யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஐந்து நிமிடம் பேசி, இணைப்பு அறுந்துபோனால், கருத்தரங்கு பன்னாட்டுத் தகுதி பெறும் என்பது மரபு.

மேலை நாட்டுப் பகுப்பும் அதன் போதாமையும்

தலைமுறை என்பதைச் சமூகவியல் சிக்கலாக முதலில் அழுத்தமாக முன்வைத்தவர் கார்ல் மான்ஹைம். அவருடைய கட்டுரை வெளிவந்தது 1928இல். ஒரே காலத்தில் பிறந்தால் மட்டும் போதாது, வரலாற்று நிகழ்ச்சி ஒன்றை ஒரே பருவத்தில் ஒன்றாகக் கடந்திருக்கவும் வேண்டும் என்று அவர் நிதானமாகவே எழுதினார். நிதானம் விற்பனைக்கு உதவாது. 1991இல் ஸ்ட்ராஸ், ஹவ் ஆகிய இருவரும் அமெரிக்க வரலாறு முழுவதையும் தலைமுறைகளாக வெட்டி அடுக்கி ஒரு பெரிய நூலாக்கினர். அதன்பின் 1946 முதல் 1964 வரை பிறந்தோர் பூமர், 1980 வரை எக்ஸ், 1996 வரை மில்லெனியல், 2012 வரை இசட் என்ற அட்டவணை மேலாண்மைப் பயிற்சியாளர் கைக்கு வந்து சேர்ந்தது. இந்த எல்லைகளைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு வகித்த பியூ ஆய்வு மையமே 2023இல், இனி இப்பெயர்களை யோசித்துத்தான் பயன்படுத்துவோம் என்று பின்வாங்கிவிட்டது. அந்தச் செய்தி இன்னும் மலை ஏறவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வீடு திரும்பியதன் விளைவாகப் பிறந்த குழந்தைகளின் பெயரால் மன்னவனூரில் கேரட் விளைவித்துக்கொண்டே கணக்குப் பாடம் நடத்திய ஒருவரை அழைப்பது எவ்வகையிலும் பொருந்தாது. மலைக்கு மலையின் கணக்கு வேண்டும்.

குறிஞ்சிக் கணக்கு

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1970, 1982, 1994, 2006, 2018 ஆகியவை அண்மைய பூப்புகள். மலைவாழ் பளியர் தம் வயதைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு எண்ணினர் என்று பலரும் எழுதியிருக்கின்றனர். பள்ளிப் படிப்பும் 12 ஆண்டு. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததால்தான் 12 ஆனது என்று கருதிவிடலாகாது. அதற்கு முன் பள்ளியில் 11 ஆண்டு, கல்லூரியில் புகுமுக வகுப்பு 1 ஆண்டு, கூட்டினால் 12. அரசாணைகள் மாறினும் கல்வித்துறை குறிஞ்சியை மீறத் துணியவில்லை என்பது இதனால் விளங்கும்.

இதன் பயன் பெரிது. முதல் வகுப்பில் சேர்ந்து தவறாமல் தேறி வெளியேறும் ஒவ்வொருவரும் தம் கல்விக் காலத்தில் குறிஞ்சியை ஒரு முறை, ஒரே ஒரு முறை, காண்பர். அப்பூப்பே அவர் தலைமுறை. 2006 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அவ்வாண்டுப் பூப்பைக் கண்டு, 2018 ஏப்ரலில் வெளியேறி, அடுத்த பூப்பைச் சில மாதங்களில் தவறவிடுகிறது. பிளஸ் டூவில் தோற்று டுடோரியலில் அமர்ந்த பிள்ளைக்கோ இரண்டாம் பூப்பும் வாய்க்கிறது. இவர்களை ‘இரு குறிஞ்சியர்’ என்று வகுத்தல் தகும். தேறியவர்க்கு இல்லாத பேறு தோற்றவர்க்கு உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குப்பின் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்காததால் இவ்வினம் அருகிவருகிறது. சரணாலயம் பற்றி அரசு சிந்திக்க வேண்டும்.

வேறு இனக் குறிஞ்சிகள் இடையிடையே பூத்து ஆய்வைக் குழப்புவதுண்டு. கோட்பாட்டுக்கு ஒத்துவராத பூக்கள் பூக்களாகக் கொள்ளப்படவில்லை. இந்நெறி பிற ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டது.

ஐவகைத் தலைமுறையினர்

1970 குறிஞ்சியர்: ஓய்வு பெற்றுவிட்டனர், ஆயினும் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

1982 குறிஞ்சியர் ஏறத்தாழ 1966க்கும் 1977க்கும் இடையே பிறந்தோர். இன்றைய தலைமையாசிரியர் பலர் இவ்வினத்தார். இவர்களுள் இரு கிளை உண்டு. பிரிக்கும் கோடு 1978. அவ்வாண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது ண, ல, ள, ன ஆகியவற்றின் தலைமேல் தும்பிக்கையாக வளைந்து ஏறியிருந்த ஐகாரக் குறி இறக்கப்பட்டு முன்னால் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகுப்பில் சேர்ந்தவரின் கை இன்றும் கரும்பலகையில் ‘நாளை’ என்று எழுதும்போது ளகரத்தருகே ஒரு கணம் தயங்கும். சுண்ணக்கட்டி மேலே கிளம்பும், ஆணை நினைவுக்கு வரும், இறங்கிப் பின்வாங்கும். அந்தத் தயக்கத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி பலகையில் விழும். புதிய எழுத்தில் அரிச்சுவடி படித்தவர் பலகையில் அப்புள்ளி இராது. ஓய்வு வயது 2021இல் 60 ஆக்கப்பட்டதால் பழைய எழுத்துக் கிளையின் கடைசி ஆசிரியர்கள் 2032 வாக்கில் பணி நிறைவு பெறுவர். புள்ளியும் அவர்களோடு போகும். இவ்வினத்தார் செல்பேசியில் எழுதும் செய்தியும் கடிதமே. ‘பொருள்’ இருக்கும், ‘பார்வை’ இருக்கும், ந.க. எண் மட்டும் இராது. அனுப்பியவர் பெயர் திரையின் உச்சியில் தெரிந்தாலும் கீழே ‘இப்படிக்கு’ போட்டு மறுபடி எழுதுவர். பேசும்போது, வத்தலக்குண்டில் இருப்பவருக்கு அலைபேசியின் உதவியில்லாமலே கேட்கட்டும் என்று பேசுவர்.

1994 குறிஞ்சியர், 1978 முதல் 1989 வரை பிறந்தோர். பள்ளிக்கூடம் இவர்களால் ஓடுகிறது. மூத்தவருக்காக எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் வருகையேற்றுவதும், இளையவருக்காக மூத்தவரிடம் பேசுவதும் இவர்கள் வேலை. இத்தலைமுறையின் தலையாய இயல்பு, அடுத்தவர் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருத்தல். மறுமொழி எப்போதும் ‘ஓகே சார்’. அதுவும் ஆங்கில எழுத்தில். ஆய்வாளர் எவரும் இவர்களைப் பொருட்படுத்துவதில்லை. இவர்களுக்கும் ஆய்வாளருக்கு விடையளிக்க நேரமில்லை.

2006 குறிஞ்சியர், 1990க்கும் 2001க்கும் இடைப்பட்டோர். இவர்களுள் இளையோர் 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகளைத் தரையில் பரப்பிப் படித்தவர்கள்; மூத்தோர் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மடிக்கணினி பெற்றவர்கள். எனவே ஒரு செய்தி ஓர் அட்டைக்கு மேல் நீண்டால் படிப்பதில்லை. படித்தாலும் அது திரையில்தான் இருக்கவேண்டும். மறுமொழி: கட்டைவிரல். இதற்குத் தனி இயல் உண்டு.

2018 குறிஞ்சியர்: அவ்வாண்டின் புதிய பாடநூல்களோடு கியூஆர் குறியும் வந்தது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது, அதற்கடுத்த ஆண்டு பள்ளியே மூடப்பட்டது. இவர்களுள் மூத்தோர் இப்போது கற்பித்தல் பயிற்சிக்கு வருகின்றனர். மறுமொழி சொல்வதில்லை. குழுவைவிட்டு ஓசையின்றி வெளியேறுவதே இவர்களின் மொழிநடை.

இலக்கண நூலோர் கருத்து

பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பகுத்தார். ஆசிரியராகத் தகாதாரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்று பகுத்தார். எவரிடமும் அவர் பிறந்த ஆண்டைக் கேட்கவில்லை. இது நூலின் குறை என்று கொள்ளவேண்டும். இல்லையேல் இவ்வாய்வின் குறை என்று கொள்ளவேண்டிவரும். எனினும் முடத்தெங்கு ஆராயத்தக்கது. தன் வேரில் நீரூற்றியவரை விட்டு அடுத்தவர் வேலிக்குள் காய் உதிர்க்கும் சாய்ந்த தென்னை அது. தன் பள்ளிக் குழுவுக்கு எழுதியதை வட்டாரத் தலைமையாசிரியர் குழுவில் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அழிப்பவரை 13ஆம் நூற்றாண்டிலேயே கண்டுணர்ந்து எச்சரித்த திறம் வியக்கத்தக்கது.

மூலமும் உரையும்

மலைப் பள்ளிக் குழுக்களில் வழங்கும் செய்திகளுள் தொன்மையானதும், மிகுதியாகத் திரும்பத் திரும்பப் படி எடுக்கப்பட்டதுமான மூலம் பின்வருவது:

‘நாளை 10 மணிக்கு மீட்டிங். அனைவரும் தவறாமல் வரவும்.’

நாளை. இச்செய்தி இரவில் நகரத்திலிருந்து புறப்படுகிறது. நாயுடுபுரத்தில் உடனே கிடைக்கும். பூம்பாறையில் சற்றுத் தாழ்ந்து கிடைக்கும். கவுஞ்சியில் மின்சாரமும் சிக்னலும் ஒருங்கே கூடும் நல்வேளையில், பெரும்பாலும் மறுநாள் காலையில், கிடைக்கும். மறுநாள் காலையில் ‘நாளை’ என்று படித்தவர் அதற்கடுத்த நாள் புறப்பட்டு வந்து பூட்டிய அறைமுன் நிற்பர். அனுப்பியவரின் நாளையே நாளை என்று பெருமாள்மலைப் பழைய உரை கூறும். பெற்றவரின் நாளையே நாளை என்று அதை மறுக்கும் கீழ்மலை மரபு. பெருமாள்மலைப் பழைய உரை இதுவரை எழுதப்படாத நூல். ஆதலால் இதுவரை எவராலும் பிழை காணப்படாதது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம்: இல்லாத நூலை மேற்கோள் காட்டலாமோ எனின், காட்டலாம். முதற்சங்கம் 4,440 ஆண்டும் இடைச்சங்கம் 3,700 ஆண்டும் நிலவின என்று இறையனார் களவியல் உரை சொல்லி, முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று யாருக்கும் கிடைக்காத நூல்களைப் பட்டியலிட்டது. அவற்றை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளும், பெற்ற பட்டங்களும், உயர்ந்த ஊதியமும் மெய்யானவை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுடைய இதழ்கள், மேற்கோள்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், இருப்பைப் பார்ப்பதில்லை.

10 மணி. நகரத்தார்க்குக் கடிகாரத்தின் 10. மன்னவனூர்ப் பேருந்தில் வருவோர்க்குப் பேருந்து வந்து நிற்கும் நேரம் எதுவோ அது 10.

மீட்டிங். உரை வேண்டா, பொருளும் இல்லை.

அனைவரும். உடற்கல்வி ஆசிரியர் நீங்கலாக. அவர் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருப்பார் என்பதில் எல்லா உரைகாரரும் ஒன்றுபடுகின்றனர். தமிழாய்வில் எல்லா உரைகாரரும் ஒன்றுபட்ட இடம் இது ஒன்றே.

தவறாமல். வத்தலக்குண்டுப் பாடத்தில் இச்சொல் இல்லை. அப்பாடத்தைப் படி எடுத்தவர் சமவெளியிலிருந்து நாள்தோறும் மலையேறி வருபவர் ஆதலின் வேண்டுமென்றே விட்டிருக்கலாம்.

கட்டைவிரல் இயல்

மேற்படி மூலத்துக்கு மறுமொழியாக விழும் கட்டைவிரலே இவ்வாய்வின் உயிர்நிலை. கட்டைவிரல் நால்வகைப்படும்: பார்த்தேன், ஒப்பினேன், வேண்டா வெறுப்பாக ஒப்பினேன், திரையைத் தள்ளும்போது கை பட்டுவிட்டது. நான்கும் பார்வைக்கு ஒன்றே. இவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதில் தலைமுறைகள் மோதுகின்றன.

மோதல் முற்றும் இடத்தை ஒரு பொது நிகழ்வால் காட்டலாம். ஐப்பசி மழையில் மலைச்சாலையில் மரம் விழுகிறது. பேருந்து நிற்கிறது. 2006 குறிஞ்சி ஆசிரியை ஒருவர், ‘மரம் விழுந்திருச்சு சார், பஸ் நிக்குது, இன்னிக்கு சி.எல். வேணும்’ என்று எழுதுகிறார். 1982 குறிஞ்சித் தலைமையாசிரியர் ஒரு கட்டைவிரல் இடுகிறார். ஆசிரியை இறங்கி, எதிரே கீழிறங்கக் காத்திருக்கும் வண்டியில் ஏறி வீட்டுக்குத் திரும்புகிறார். மாலையில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மை.

தலைமையாசிரியர் இட்டது சுருக்கொப்பம். அலுவலகக் கோப்பில் வந்த தாளின் ஓரத்தில் பெயரின் முதலெழுத்தும் நாளும் இடுவது போன்றது. ‘என் பார்வைக்கு வந்தது’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அனுமதி என்றால் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று முழுச்சொல்லால் எழுதி, முழுக் கையொப்பம் இட்டிருப்பார். ஆசிரியை அறிந்த உலகில் மறுக்காதது அனைத்தும் அனுமதி. இருவரும் தத்தம் மரபின்படி முற்றிலும் சரி. இதைத் தீர்த்துவைக்க அழைக்கப்பட்ட 1994 குறிஞ்சியர், எமிஸில் ஏற்கெனவே விடுப்பு என்று பதிந்துவிட்டேன் சார் என்று சொல்லிச் சிக்கலை முடிக்கிறார். ஆய்வுலகுக்கு இது பேரிழப்பு.

பெருமாள்மலைப் பழைய உரையின் சுருக்கமான செண்பகனூர்ச் சுருக்கம், ‘விரல் ஒன்று, பொருள் பல’ என்பதோடு நின்றுவிடுகிறது. எழுதப்படாத நூலின் சுருக்கம் ஆதலின் அது இயல்பாகவே சிறியது. இக்குறையை நிறைவு செய்வது பண்ணைக்காட்டு விரிவுரை. அதன் மூன்றாம் தொகுதி, கட்டைவிரலின் சாய்வுக்கும் மனச்சாய்வுக்கும் உள்ள உறவை விரிக்கிறது. முதலிரு தொகுதிகளும் நான்காம் தொகுதிக்குப் பின்னரே எழுதப்படாமல் விடப்படும் என்று முன்னுரையில் சொல்லப்பட்டுள்ளது. விரிவுரைக்கு எழுந்த மறுப்பு, அம்மறுப்புக்கு மறுப்பு, மறுப்பின் மறுப்புக்கு ஒரு பேராசிரியர் மணிவிழா மலரில் வழங்கிய வாழ்த்துரை (வாழ்த்துரையில் பொருள் பற்றி ஒன்றுமில்லை, பேராசிரியர் பற்றியும் ஒன்றுமில்லை, வழங்கியவரின் பட்டங்கள் மட்டும் உண்டு), அவ்வாழ்த்துரையின் ஒரே படி மலைப்பூண்டு கட்டிய தாளாகப் பூம்பாறைச் சந்தையில் கிடைத்ததாகக் கூறும் அடிக்குறிப்பு, அடிக்குறிப்பை மெய்ப்பிக்கப் போனவர் பூண்டு மட்டும் வாங்கிவந்ததாகக் கூறும் பின்னிணைப்பு ஆகியன யாவும் இங்கே கருதத்தக்கன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வியலில் ஐயத்துக்கிடமற்ற ஒரே செய்தி அது.

இனி எண்ணிக்கை. ஒற்றைக் கட்டைவிரல் இயல்பு. இரட்டை விரல் பரிவு. மூன்று விரலும் அதனோடு கூப்பிய கையும் சேர்ந்து வந்தால், குழுவில் வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார் என்று உணர்க. மாவட்டக் கல்வி அலுவலரும் இருந்தால் பூங்கொத்து சேரும். இந்த வரிசையில் தலைமுறை வேறுபாடு காணப்படவில்லை. 1968இல் பிறந்தவரும் 1998இல் பிறந்தவரும் ஒரே நிமிடத்தில் ஒரே பூங்கொத்தை அனுப்புகின்றனர். கோட்பாட்டுக்கு இது ஊறு விளைவிப்பதால் இத்தரவு இவ்விடத்தில் மட்டும் குறிக்கப்பட்டு, முடிவுரையில் சேர்க்கப்படாது.

ஏனைய வடிவங்கள்

விளி: அரசுப் பள்ளியில் ‘டீச்சர்’, மெட்ரிக்கில் ‘மிஸ்’, சி.பி.எஸ்.இ.யில் ‘மேம்’, கடிதத்தில் மட்டும் ‘அம்மையீர்’. கட்டணம் கூடக்கூட விளி குறுகும்.

காலை வணக்கப் படங்கள்: ரோசாப்பூவும் பொன்மொழியும், அனுப்புவோர் ஓய்வு பெற்றோர், காண்போர் இலர்.

குரல்பதிவு: இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்டால் அனுப்பியவரே கேட்பதில்லை.

நேரில் பேசுதல்: வழக்கொழிந்தது.

அலைவரிசையும் நிலவியலும்

தலைமுறையைவிடச் சிக்னல் பெரிதோ என்ற ஐயத்தைச் சிலர் கிளப்புவதுண்டு. கோடைப் பண்பலை 100.5இல் அறிவிப்பாளர் பேசினால் பல மாவட்டங்களைத் தாண்டியும் கேட்கும். கோபுரம் மலைமேல் இருப்பதன் பயன் அது. அதே மலையில், ஒரு பள்ளிக்கும் அடுத்த முகட்டிலுள்ள பள்ளிக்கும் இடையே ஒரு சொல் போய்ச்சேர, எழுதியவர் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிக் கையை உயர்த்தவேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளின் ஊரடங்கில் இணையவழி வகுப்புக்காகப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அந்த மேடுகளில் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே யாரும் யாருடைய தலைமுறையையும் கேட்கவில்லை. எத்தனை கோடு வருகிறது என்றுதான் கேட்டார்கள்.

மற்றொரு சாரார் இயற்பியலின் துணையை நாடுவர். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப்புள்ளியின் புறநிழல் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியால் கண்டறிந்தார். கல்வித்துறைச் சுற்றறிக்கைகளும் நடுவிலிருந்து வெளிநோக்கியே பாய்கின்றன. வெளியிலிருந்து நடுநோக்கி ஏதேனும் பாய்ந்ததாக ஆய்வகப் பதிவுகளிலும் இல்லை, அலுவலகப் பதிவுகளிலும் இல்லை. கிளாவரைப் பள்ளியின் கூரை ஒழுகுவதாக எழுதிய கடிதம் எத்தலைமுறையினர் எழுதினும், எந்நடையில் எழுதினும், ஒரே வேகத்தில்தான் நகரும்.

குறிப்பாணை பெற்றார் நடை

தலைமுறை வேறுபாட்டின் எல்லையை வரையறுக்க ஒரு சோதனை போதும். அரசுப் பணியாளர் ஒழுங்குமுறை விதிகளில் 17ஆவது விதியின் ‘பி’ பிரிவின்கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, ஆசிரியர் வழக்கில் ‘17பி’. இது கையில் கிடைத்த மறுநாள், 1982 குறிஞ்சியரும், 1994 குறிஞ்சியரும், 2006 குறிஞ்சியரும் எழுதும் விளக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் எது யாருடையது என்று சொல்லமுடியாது. வெள்ளைத்தாள், இடப்பக்கம் மடித்த ஓரம், ‘மதிப்பிற்குரிய ஐயா’, பொருள், பார்வை, எண்ணிட்ட பத்திகள், ‘பணிந்து சமர்ப்பிக்கிறேன்’, முழுக் கையொப்பம். கட்டைவிரல் இல்லை, பூங்கொத்து இல்லை, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் இல்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தவர் சங்கத்தின் வட்டாரச் செயலாளர் என்பது பின்னர்த் தெரியவரும்.

ஆக, மலைக் கல்விப் பணியில் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அவர் பிறந்த ஆண்டு ஓரளவும், சிக்னல் பெரும்பாலும், கேட்பவரின் பதவி முழுமையாகவும் தீர்மானிக்கின்றன. இதை ஆய்வாளர் வருவதற்கு முன்பே பள்ளி இரவுக் காவலர் அறிந்திருந்தார்; அவரிடம் வினாநிரல் கொடுக்கப்படவில்லை. அடுத்த குறிஞ்சி 2030இல் பூக்கும். அதுவரை புதிய தலைமுறை எதற்கும் யாரும் பெயரிட வேண்டாம் என்றும், பெயரிட்டே தீரவேண்டுமெனில் அது பற்றிய பயிற்சியை மழைக்காலத்தில் மலைமேல் வைக்கவேண்டாம் என்றும் பயிற்சி நடத்துவோர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.